கணிப்பொறி கோடு வரையக் கற்ற வரலாறு

ஒரு நிழற்படத்தைக் கைத்தொலைபேசியில் இட்டு ஒரு பொத்தானைத் தொட்டால், கண் இமைக்கும் நேரத்தில் அப்படத்தில் உள்ள முகம் கார்ட்டூன் சித்திரமாக மாறி வந்து நிற்கும். இதனை இன்று பள்ளிச் சிறுவரும் அறிவர். கறுப்புக் கோடு முகத்தைச் சூழ்ந்து ஓடும். கன்னத்தின் நிறம் ஒரே பூச்சாகப் படிந்திருக்கும். தோலின் சுருக்கமும் சட்டையின் கசங்கலும் மறைந்துபோகும். ஆயினும் பார்த்த மாத்திரத்தில், இவர் இன்னார் என்று சொல்லிவிடலாம். இதனை விளையாட்டு என்று எண்ணிச் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

சற்றே நின்று சிந்தித்தால் ஒரு வினா எழுகிறது. மனித முகத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு எதுவும் இல்லை. இயற்கையில் எப்பொருளைச் சுற்றியும் கோடு இல்லை. இல்லாத கோட்டை வரைவது ஓவியரின் கலை. அக்கலையை இயந்திரம் யாரிடம் கற்றது? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். விடை நம்மை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பின்னோக்கி அழைத்துச் செல்கிறது. இறுதியில், எழுதுகோல் பிடித்த நம் போன்றோரின் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்துகிறது.

வரையத் தெரியாதவரின் கண்டுபிடிப்பு

1833ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், இத்தாலி நாட்டின் கோமோ ஏரிக்கரையில் ஆங்கிலேயர் ஒருவர் அமர்ந்திருந்தார். அவர் பெயர் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட். எதிரே தெரிந்த அழகிய காட்சியைத் தாளில் வரைய விரும்பினார். கையில் கேமரா லூசிடா என்னும் கருவியும் இருந்தது. சிறிய கண்ணாடிப் பட்டகம் ஒன்றின் வழியாகக் காட்சியும் தாளும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரியும்படி அமைந்த கருவி அது. காட்சியின் மேல் எழுதுகோலை ஓட்டினால் போதும். ஆயினும் பட்டகத்திலிருந்து கண்ணை எடுத்துத் தாளை நோக்கியபோது, அங்கே அலங்கோலமான சில கீறல்களே எஞ்சியிருந்தன. கருவி இருந்தும் கை வரவில்லை. ஒளியே தாளின்மீது தன் உருவத்தைத் தானே பதித்துவிட்டால் எப்படி இருக்கும் என்ற எண்ணம் அத்தோல்வியிலிருந்தே பிறந்தது. அவ்வெண்ணம் வளர்ந்து, 1839இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. 1844 முதல் நிழற்படங்களுடன் பகுதி பகுதியாக அவர் வெளியிட்ட நூலுக்கு 'இயற்கையின் எழுதுகோல்' என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்.

ஆக, நிழற்படக் கலையின் ஊற்றுக்கண்களுள் ஒன்று, கோடு வரைய இயலாத ஒருவரின் ஏக்கமே எனலாம். ஆனால் ஒளி வரைந்த படத்தில் ஒரு குறை இருந்தது. அது எதையும் விட்டுவைப்பதில்லை. முகத்தையும் பதிக்கும், முகத்தின் பின்னே நிற்கும் சுவரின் விரிசலையும் அதே அக்கறையுடன் பதிக்கும். ஓவியரோ தேர்ந்தெடுக்கிறார்; வேண்டாததை விடுகிறார். கோட்டுச் சித்திரத்தின் உயிர் அவ்வாறு விடுவதில்தான் இருக்கிறது.

எனவே நிழற்படம் தோன்றிய பின்னரும், அதனை மீண்டும் கோடாக மாற்றும் முயற்சி ஓயவில்லை. அமெரிக்காவில் மேக்ஸ் ஃபிளெய்ஷர் என்பவர் 1915இல் விண்ணப்பித்து 1917இல் காப்புரிமை பெற்ற ரோட்டோஸ்கோப் அதற்குச் சான்று. திரைப்படச் சுருளின் ஒவ்வொரு படத்தையும் கண்ணாடியின்மீது விழச்செய்து, அதன்மேல் தாள் வைத்து ஓவியர் கோடு இழுப்பார். கோமாளி உடை அணிந்து ஆடிய தம்பி டேவ் ஃபிளெய்ஷரின் அசைவுகள் இவ்வாறே கோக்கோ என்னும் கார்ட்டூன் கோமாளியின் அசைவுகளாயின. இங்கே இயந்திரம் வழிகாட்டியது. எந்தக் கோட்டை இழுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்தது மனிதக் கையே. அம்முடிவையும் இயந்திரத்திடம் ஒப்படைக்க வேண்டுமாயின், முதலில் படம் எண்களாக மாற வேண்டும்.

எண்களான முகம்

அம்மாற்றம் 1957இல் நிகழ்ந்தது. அமெரிக்கத் தேசியத் தரநிர்ணய அமைப்பில் பணியாற்றிய ரஸ்ஸல் கிர்ஷ் என்பவரும் அவர்தம் குழுவினரும், சுழலும் உருளையுடன் கூடிய வருடுகருவி ஒன்றை அமைத்தனர். கிர்ஷ், பிறந்து மூன்று மாதமே ஆகியிருந்த தம் மகன் வால்டனின் படத்தை அதில் வைத்தார். ஐந்து சென்டிமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட அச்சிறு படம், குறுக்கே 176, நெடுக்கே 176 என 30,976 படப்புள்ளிகளாகப் பிரிந்து சியாக் என்னும் கணிப்பொறிக்குள் சென்றது. எண்ணாக மாற்றிக் கணிப்பொறியில் ஏற்றப்பட்ட முதல் நிழற்படம் இதுவே.

இதில் நம் பொருளுக்கு நெருங்கிய ஒரு நுட்பம் உண்டு. அக்கருவிக்கு ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பு அல்லது வெள்ளை என்று மட்டுமே சொல்லத் தெரியும். இடைப்பட்ட சாம்பல் நிறம் அதற்கு விளங்காது. எனவே கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையிலான எல்லையை மாற்றி மாற்றி அமைத்து, ஒரே படத்தைப் பலமுறை வருடி, கிடைத்தவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தார்கள். அதனால் அக்குழந்தையின் முகம் சில தட்டையான சாம்பல் அடுக்குகளாக வந்தது. சில நிறங்களை மட்டும் தட்டையாகப் பூசும் கார்ட்டூனின் இயல்பு, இயலாமையின் காரணமாகவேனும், முதல் எண்மப் படத்திலேயே தற்செயலாக இடம்பெற்றுவிட்டது.

இயலாமையாக வந்ததை வேண்டுமென்றே கலையாக்கியவர்கள் பெல் ஆய்வுக்கூடத்தின் கென் நோல்டனும் லியோன் ஹார்மனும் ஆவர். 1966இல் அவர்கள் ஒரு நடனமணியின் நிழற்படத்தை வருடி, ஒளியின் அளவைச் சில படிகளாகச் சுருக்கி, ஒவ்வொரு படிக்கும் ஏற்ற மின்னணுவியல் குறியீடுகளைக் கணிப்பொறியின் வாயிலாக அடுக்கினர். ஏறத்தாழ 12 அடி நீளமுள்ள அப்படத்தை அருகில் நின்று நோக்கினால் குறியீடுகளே தெரியும். விலகி நின்றால் படுத்திருக்கும் பெண்ணின் உருவம் தெரியும். 1967இல் அது நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் வெளிவந்தது. நிழற்படத்தை நிரலால் வேறொரு பாணிக்கு மாற்றலாம் என்பதைப் பொதுமக்கள் கண்ணாரக் கண்டனர். எனினும் அதில் கோடு இல்லை. கோடு வேறொரு துறையிலிருந்து வந்தது.

விளிம்பைத் தேடி

கோட்டை முதலில் தேடியவர்கள் ஓவியம் வரைய எண்ணியவர்கள் அல்லர். இயந்திரத்துக்குப் பார்வை தர எண்ணியவர்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1963இல் லாரன்ஸ் ராபர்ட்ஸ் என்னும் ஆய்வாளர், கனசதுரம் போன்ற திண்மப் பொருள்களின் நிழற்படத்தைக் கொண்டு அவற்றின் முப்பரிமாண வடிவைக் கணிப்பொறி அறியும்படி ஒரு நிரலை எழுதினார். அதன் முதற்படி, நிழற்படத்தைக் கோட்டுச் சித்திரமாக மாற்றுவது. பின்னாளில் இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் கட்டமைப்பை உருவாக்குவதில் தலைமைப் பங்கு வகித்தவரும் இதே ராபர்ட்ஸ்தான்.

அவர் கையாண்ட கருத்து மிக எளியது. கணிப்பொறிக்குப் படம் என்பது எண்களின் கட்டம். கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 255 என்று கொள்வோம். ஒரு முகத்தின் கன்னத்திலிருந்து கருங்கூந்தலை நோக்கிச் செல்லும் ஒரு வரிசையில் 200, 202, 199, 60, 58 என்று எண்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்தடுத்த எண்களின் வேறுபாட்டைக் கணக்கிட்டால் 2, 3, 139, 2 என வரும். 139 வரும் இடமே விளிம்பு. அங்கே ஒரு கறுப்புப் புள்ளி வை. மற்ற இடங்களை வெறுமையாக விடு. இவ்வாறு படம் முழுவதும் செய்தால் கோட்டோவியம் கிடைத்துவிடும். ஆக, இயந்திரத்துக்குக் கோடு என்பது பொருள் அன்று, வேற்றுமை.

1968இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் செயற்கை அறிவு ஆய்வுக் கூடத்தில் இர்வின் சோபலும் கேரி ஃபெல்ட்மனும் இதனைச் செம்மைப்படுத்தினர். குறுக்கே மூன்று, நெடுக்கே மூன்று என ஒன்பது புள்ளிகளை ஒருசேர நோக்கி வேற்றுமையை அளக்கும் முறை அவர்களுடையது. அவர்கள் அதனைத் தனிக் கட்டுரையாக அச்சிடவே இல்லை. 1973இல் வேறு இருவர் எழுதிய பாடநூலின் வழியாக அது உலகெங்கும் பரவியது. ஆயினும் 'சோபல் முறை' என்று கண்டவரின் பெயர் அதனோடு ஒட்டி நின்றது. இச்செய்தியை வாசகர் மனத்தில் இருத்த வேண்டுகிறேன். முடிவில் மீண்டும் இதற்கு வருவோம்.

இத்தகைய முறைகளில் ஒரு தொல்லை உண்டு. சட்டையின் நெசவும் தோலின் நுண்துளையும் படத்தில் புகுந்த மணல் போன்ற புள்ளிகளும் கூட வேற்றுமைகளே. அவை அனைத்தும் கோடுகளாகி, முகம் முழுவதும் எறும்பு ஊர்ந்தது போல ஆகிவிடும். ஆஸ்திரேலியரான ஜான் கேனி, மாசசூசெட்ஸ் கழகத்தில் 1983இல் அளித்த ஆய்வேட்டிலும் 1986இல் வெளியிட்ட கட்டுரையிலும் இதற்கு வழி கூறினார். உண்மையான விளிம்பு தவறக் கூடாது; அது இருக்கும் இடத்திலேயே காணப்பட வேண்டும்; ஒரு விளிம்புக்கு ஒரே கோடுதான் வர வேண்டும் என்று மூன்று இலக்கணங்களை அவர் வகுத்தார். அத்துடன், அழுத்தமான கோடுகளை ஏற்றுக்கொள், மங்கலான கோடுகளை அவை அழுத்தமான கோட்டோடு தொடர்பு கொண்டிருந்தால் மட்டும் ஏற்றுக்கொள் என்றும் விதித்தார். தாடையின் நிழலில் மங்கிப்போகும் கோடு இதனால் பிழைத்தது. தனித்துக் கிடந்த மணற்புள்ளி நீங்கியது.

கண்ணே ஆசான்

இவர்கள் எண்களுக்கிடையே தேடிய விளிம்பை, உயிரினத்தின் மூளையில் வேறு இருவர் ஏற்கெனவே கண்டிருந்தனர். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹியூபலும் டார்ஸ்டன் வீசலும் பூனையின் மூளையில் பார்வைக்குரிய பகுதியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். கறுப்புப் புள்ளி இட்ட கண்ணாடித் தகட்டை ஒளிவிளக்கில் செருகி, அப்புள்ளியைப் பூனைக்குக் காட்டினர். மூளையின் உயிரணு அசையவில்லை. ஆனால் தகட்டைச் செருகும்போது அதன் விளிம்பின் நிழல் திரையில் மெல்லிய கோடாக நகர்ந்தபோது, அவ்வணு படபடவென்று எழுந்து இயங்கியது. அது புள்ளிக்காகக் காத்திருக்கவில்லை; ஒரு குறிப்பிட்ட சாய்வில் உள்ள விளிம்புக்காகக் காத்திருந்தது. 1959இல் வெளியிடப்பட்ட இவ்வாராய்ச்சியின் தொடர்ச்சிக்காக 1981இல் அவ்விருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றனர்.

இயற்கையில் கோடு இல்லை என்று தொடக்கத்தில் கூறினோம். அது முழு உண்மை அன்று போலும். பொருளில் கோடு இல்லை. பார்ப்பவரின் மூளையில் அதற்கு இடம் இருக்கிறது. குகைச் சுவரில் மாட்டின் உருவத்தைக் கரியால் கோடிட்டவரும், வாசலில் கோலமிடும் பெண்ணும், கேலிச்சித்திரம் தீட்டும் ஓவியரும் அவ்விடத்தை நோக்கியே பேசுகின்றனர்.

மென்மையும் கூர்மையும்

கோடு கிடைத்துவிட்டது. கோட்டின் உள்ளே பூச வேண்டிய தட்டையான நிறம் இன்னும் கிடைக்கவில்லை. சுருக்கங்களை நீக்க எளிய வழி, ஒவ்வொரு புள்ளிக்கும் அண்டைப் புள்ளிகளின் சராசரியை இடுவது. ஆனால் முன்சொன்ன வரிசையில் 202, 199, 60 ஆகிய மூன்றின் சராசரி ஏறத்தாழ 154. கன்னத்தின் ஓரம் இருண்டுவிடும், கூந்தலின் ஓரம் வெளிறிவிடும், விளிம்பு கரைந்துபோகும். மென்மை வேண்டுமென்றால் கூர்மையை இழக்க வேண்டும் என்ற இக்கட்டான நிலை.

இதற்கு நல்லதொரு தீர்வு 1998ஆம் ஆண்டு மும்பையில் நடந்த கணிப்பொறிப் பார்வை பற்றிய பன்னாட்டு மாநாட்டில் முன்வைக்கப்பட்டது. கார்லோ டொமாசி, ராபர்டோ மண்டுச்சி என்னும் இருவர் அங்கே அளித்த கட்டுரை, அண்டைப் புள்ளியின் தொலைவை மட்டுமன்றி அதன் நிற ஒற்றுமையையும் கணக்கில் கொள்ளச் சொன்னது. அருகில் இருப்பவரெல்லாம் உறவினர் ஆகார். தன்னை ஒத்தவரையே சேர்த்துக்கொள் என்பது அதன் சாரம். அவ்வாறு செய்தால் 199 என்னும் புள்ளி 202ஐ மட்டும் சேர்த்துக்கொள்ளும். 60ஐ ஏறத்தாழ ஒதுக்கிவிடும். சராசரி 200க்கு அருகில் நிற்கும். கன்னம் வழவழப்பாகும், விளிம்போ கத்தி முனை போலக் கூர்மையாக நிற்கும்.

இனி எஞ்சிய வேலை எளிது. கணிப்பொறித் திரை காட்டவல்ல 1,67,77,216 நிறங்களை எட்டு அல்லது பன்னிரண்டு நிறங்களாகச் சுருக்க வேண்டும். வழவழப்பாக்கிய படத்தின்மேல் கறுப்புக் கோடுகளை ஒட்ட வேண்டும். இந்த மூன்று படிகளையும் இன்று கல்லூரி மாணவர் ஒருவர் பதினைந்து வரிகளுக்குள் எழுதிவிடுவார். இன்டெல் நிறுவனம் 1999இல் தொடங்கி 2000இல் பொதுவில் வெளியிட்ட ஓப்பன்சிவி என்னும் நிரல் தொகுப்பு, அறிஞர் பலரின் உழைப்பை ஒவ்வொரு சொல்லாக அடக்கி வைத்திருப்பதே அதற்குக் காரணம். 'கேனி' என்று ஒரு சொல்லை எழுதினால் கேனியின் ஆய்வு முழுவதும் வந்து வேலை செய்யும்.

ஆயினும் இம்மூன்று படிகளும் முகத்தையும் சுவரையும் ஒன்றாகவே நடத்தின. எங்கே நுணுக்கம் வேண்டும், எங்கே வேண்டாம் என்று அவற்றுக்குத் தெரியாது. 2002இல் டக் டிகார்லோ, அந்தோணி சான்டெல்லா ஆகிய இருவர் இதற்கும் கண்ணையே நாடினர். ஒருவரை நிழற்படத்தைச் சில நொடிகள் பார்க்கச் செய்து, அவர் பார்வை எங்கெங்கே நின்றது என்பதைக் கருவியால் பதிவு செய்தனர். பார்வை நின்ற இடத்தில் நுணுக்கத்தை வைத்தனர். பார்வை கடந்து சென்ற இடத்தில் பெரும் நிறப் பரப்பாக எளிமையாக்கினர். 2006இல் ஹோல்கர் வின்னமோலரும் அவர்தம் துணைவரும் ஓடும் காணொளியையே அவ்வப்பொழுதே கார்ட்டூன் போல் மாற்றிக் காட்டினர். அவ்வாறு மாற்றிய படங்களில் தெரிந்த முகங்களை மக்கள் நிழற்படத்தில் கண்டறிவதைவிட விரைவில் கண்டறிந்தனர் என்பதையும் சோதனையால் காட்டினர்.

மிகையும் உண்மையும்

குறைவாகக் காட்டும் படம் எப்படி விரைவாகப் புரியும்? இவ்வியப்புக்கும் ஒரு வரலாறு உண்டு. 1956இலேயே ரயன், ஷ்வார்ட்ஸ் என்னும் இரு உளவியலாளர், ஒரே பொருளின் நிழற்படத்தையும் கோட்டுப் படத்தையும் கார்ட்டூனையும் மிகக் குறுகிய நேரம் காட்டி, எது விரைவில் புரிகிறது என்று ஆராய்ந்தனர். கார்ட்டூனே முந்தி நின்றது. வெறும் கோட்டுப் படமோ கடைசியில் நின்றது. எனவே கோடு மட்டும் போதாது; எதை மிகைப்படுத்துவது என்ற தெரிவும் வேண்டும்.

அத்தெரிவையும் நிரலாக்கியவர் சூசன் பிரென்னன். 1982இல் மாசசூசெட்ஸ் கழகத்தில் அவர் உருவாக்கிய நிரல், ஒரு முகத்தைப் பல முகங்களின் சராசரி முகத்தோடு ஒப்பிட்டது. சராசரியைவிட மூக்கு நீளமாக இருந்தால் இன்னும் நீட்டியது. கண் சிறிதாக இருந்தால் இன்னும் சுருக்கியது. 1987இல் வெளியான ஓர் ஆய்வு, இவ்வாறு மிகைப்படுத்திய படங்களை, அளவு பிசகாத கோட்டுப் படங்களைவிட விரைவாக மக்கள் அடையாளம் கண்டனர் என்று நிறுவியது. பொய்யான மூக்கு உண்மையான மனிதரை விரைவாகக் காட்டிக்கொடுத்தது.

மலேசியர்களாகிய நமக்கு இதனை விளக்க ஆய்வு தேவையில்லை; லாட் இருக்கிறார். 1979இல் வெளிவந்த அவருடைய 'கம்போங் பாய்' நூலைப் புரட்டியவர்கள், சில கோடுகளில் ஒரு கம்பத்தின் வாழ்வே எழுந்து வருவதைக் கண்டிருப்பர். ஆனால் லாட்டின் கோட்டுக்கும் பிரென்னன் நிரலின் கோட்டுக்கும் இடையே ஒரு வேறுபாடு உண்டு. நிரல் சராசரியிலிருந்து விலகும் அளவை அறியும், அம்மனிதரை அறியாது. லாட்டின் மிகை, மனிதரோடு கூடி வாழ்ந்து சேர்த்த நினைவின் மிகை. அந்நினைவை எண்ணால் எழுத ஒருவருக்கும் வழி தெரியவில்லை. ஆகவே அடுத்து வந்தவர்கள், அதனை எழுதும் முயற்சியையே விட்டுவிட்டு, நினைவின் விளைச்சலை நேரே அறுவடை செய்யத் தலைப்பட்டனர்.

ஓவியரின் கை

2015இல் ஜெர்மனியின் டூபிங்கன் நகரைச் சேர்ந்த லியோன் கேட்டிஸும் அவர்தம் துணைவரும் வெளியிட்ட ஆய்வு, புதிய வாசலைத் திறந்தது. பொருள்களை இனங்காணப் பழக்கப்பட்ட நரம்பியல் வலையமைப்பு என்னும் கணிப்பொறி அமைப்பைக் கொண்டு, ஒரு படத்தில் 'என்ன' இருக்கிறது என்பதையும் அது 'எவ்வாறு' தீட்டப்பட்டிருக்கிறது என்பதையும் ஓரளவு பிரித்தெடுக்கலாம் என்று அவர்கள் காட்டினர். ஆற்றங்கரை வீடுகளின் நிழற்படம் ஒன்றை வான்கோவின் தூரிகைப் பாணியில் மாற்றிக் காட்டவும் செய்தனர். அடுத்த ஆண்டே பிரிஸ்மா என்னும் செயலி அம்முறையைக் கைத்தொலைபேசிக்குக் கொண்டுவந்தது.

2018இல் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகத்தையும் பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் கார்ட்டூன்கேன் என்னும் முறையை வெளியிட்டனர். ஒருபுறம் நிழற்படக் குவியல். மறுபுறம் கார்ட்டூன் திரைப்படங்களிலிருந்து எடுத்த படங்களின் குவியல். ஒரு வலையமைப்பு நிழற்படத்தைக் கார்ட்டூனாக்க முயலும். மற்றொன்று அது உண்மையான கார்ட்டூனா, போலியா என்று சோதிக்கும். போலி பிடிபடாத நிலை வரும்வரை இப்போட்டி நடக்கும். சோதிக்கும் வலையமைப்புக்குக் கோட்டின் அருமையை உணர்த்த, கார்ட்டூன் படங்களின் விளிம்புகளை வேண்டுமென்றே மங்கச் செய்து, 'இவை கார்ட்டூன் அல்ல' என்று சொல்லிக்கொடுத்தார்கள் என்பது சுவையான செய்தி. ராபர்ட்ஸ் தேடிய அதே விளிம்பு ஐம்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் பாடத்தின் மையமாக இருந்தது. ஆனால் பாடப்புத்தகம் மாறிவிட்டது. இப்போது பாடப்புத்தகம் ஹயாவோ மியாசாகி, மமோரு ஹொசோடா, மகோத்தோ ஷின்காய் போன்ற ஜப்பானியத் திரைக்கலைஞர்களின் படங்கள்.

அவ்வாய்வாளர்கள் கலைஞர்களின் பெயர்களைத் தம் கட்டுரையில் குறிப்பிட்டனர். அந்த அளவுக்கேனும் நேர்மை இருந்தது. 2025 மார்ச் மாத இறுதியில் ஓப்பன்ஏஐ நிறுவனத்தின் சாட்ஜிபிடி புதிய பட வசதியைப் பெற்றபோது, உலகெங்கும் மக்கள் தம் குடும்பப் படங்களை ஜிப்ளி பாணியில் மாற்றி மகிழ்ந்தனர். 1985இல் நிறுவப்பெற்ற ஸ்டூடியோ ஜிப்ளியின் ஓவியர்கள் கையால் ஒவ்வொரு படமாகத் தீட்டிச் சேர்த்த பாணி, சில நாள்களில் எல்லாருடைய திரையிலும் பொங்கி வழிந்தது. அப்போது மியாசாகி இதனை உயிருக்கே இழிவு என்று கண்டித்ததாக ஒரு காணொளியும் பரவியது. உண்மை யாதெனில், அது 2016இல் ஜப்பானிய ஒளிபரப்பு நிறுவனமான என்எச்கே காட்டிய ஆவணப்படத்தின் பகுதி. தலையைக் காலாகக் கொண்டு ஊர்ந்த, கணிப்பொறி உருவாக்கிய ஓர் அசைவுருவைக் கண்டு, உடற்குறையுள்ள தம் நண்பரை நினைத்து வருந்தி அவர் கூறியது அது. தம் பாணியைப் படியெடுப்பது பற்றி அவர் அங்கே பேசவில்லை. ஒருவருடைய கோட்டை எடுத்ததோடு நில்லாமல், அவருடைய சொல்லையும் இடம் மாற்றி வைத்துவிட்டோம்.

நமக்கு உரிய வினா

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இப்போது விடை கூறலாம். இயந்திரம் மூவரிடம் கோடு வரையக் கற்றது. முதல் ஆசான் கணிதம். இரண்டாம் ஆசான் மனிதக் கண். மூன்றாம் ஆசான் ஓவியரின் கை. முதல் ஆசானிடம் கற்றபோது ராபர்ட்ஸ், சோபல், கேனி என்று பெயர்கள் நிலைத்தன. அச்சிடாத ஆய்வுக்கும் உரியவர் பெயர் கிடைத்தது. இரண்டாம் ஆசானிடம் கற்றபோது, சோதனைக்கு வந்தவர்கள் தாங்கள் சோதிக்கப்படுகிறோம் என்பதை அறிந்தே வந்தனர். மூன்றாம் ஆசானிடமோ கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. தட்சிணை இல்லாமல் கற்றது மட்டுமன்று, ஆசானுக்குத் தெரியாமலேயே கற்றது.

பாணி என்பது எவருக்கும் தனியுடைமை அன்று என்பது பல நாட்டுச் சட்டங்களின் பொதுவான நிலை. அது நியாயமும் ஆகும். ஒருவர் நடையைப் பார்த்து மற்றொருவர் கற்பதால்தான் கலை வளர்கிறது. ஆனால் பாணியைப் பார்த்துக் கற்பது வேறு. படைப்புகளை இலட்சக்கணக்கில் படியெடுத்துப் பொறிக்குள் கொட்டுவது வேறு. இப்பின்னதற்கும் சில நாடுகள் சட்டத்தின் வழியே இடம் கொடுத்துள்ளன. ஜப்பான் 2018இல் திருத்தி 2019 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம் அவற்றுள் ஒன்று. நமக்கு மிக அருகே, சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21ஆம் நாள் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டமும் அத்தகையதே. முறையான வழியில் அணுகப்பெற்ற படைப்பைக் கணிப்பொறிவழித் தரவுப் பகுப்பாய்வுக்காகப் படியெடுக்க அது சில நிபந்தனைகளுடன் அனுமதிக்கிறது. வணிக நோக்கம் அதிலிருந்து விலக்கப்படவில்லை. ஒப்பந்தம் எழுதி அதனைத் தடுக்கவும் இயலாது.

அச்சட்டம் ஓவியத்தை மட்டும் குறிப்பதன்று. எழுத்தும் அதில் அடங்கும். ஓவியர் இழுத்த கோட்டுக்கு நேர்ந்தது, நாம் எழுதும் வரிக்கும் நேரும். ஆகவே இதனைப் படம் வரைவோரின் வழக்கு என்று ஒதுக்கிவிட்டு நாம் வாளாவிருக்க இயலாது.

இவ்வாறு கூறுவதால், கணிப்பொறியை வெறுக்க வேண்டும் என்பது என் கருத்தன்று. வரையத் தெரியாத டால்பட்டின் ஏக்கம் நம்முள் பலருக்கும் உண்டு. வேற்றுமையில் விளிம்பைக் கண்டதும், மென்மையும் கூர்மையும் ஒருங்கே கூடும்படி செய்ததும், பார்வை நிற்கும் இடத்தை அறிந்து எளிமையாக்கியதும் மனித அறிவின் பெருமிதங்கள். அவற்றை நம் பிள்ளைகள் கற்க வேண்டும். பதினைந்து வரி நிரலைத் தாமே எழுதி, பாட்டியின் பழைய படத்தைக் கோட்டோவியமாக்கிப் பார்க்க வேண்டும். கோடு என்றால் என்னவென்று அன்று அவர்களுக்கு விளங்கும்.

நாம் செய்யக்கூடியது ஒன்றுண்டு. நம் நூல்களின் அட்டைக்கும் ஆண்டு மலர்களின் பக்கங்களுக்கும் சித்திரம் வேண்டும்போது, பொத்தானை அழுத்துமுன் நம் ஊர் ஓவியர் ஒருவரைக் கேட்போம். பொறியைக் கொண்டு படம் செய்தாலும், பொறி செய்தது என்றும், யாருடைய பாணியைத் தழுவியது என்றும் தெரிந்தவரை அச்சிடுவோம். பிறர் கோட்டுக்கு நாம் அளிக்காத மதிப்பை, நம் வரிக்குப் பிறர் அளிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வாறு பொருந்தும்?

கோடு வரைவது என்பது எதை விடுவது என்று அறிவதே எனக் கண்டோம். இயந்திரம் சுவரின் விரிசலை விடக் கற்றுக்கொண்டது. சட்டையின் கசங்கலை விடக் கற்றுக்கொண்டது. வரைந்தவரின் பெயரையும் அதனோடு சேர்த்து விட்டுவிடாமல் காப்பது நம் கடமையாகும்.